எலிவேஷன் எதுக்கு மாப்ளே?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் பண்ணுகிறவர்கள் இரண்டு ரகம். ஒன்று, கடன் கேட்பார்கள். இல்லாவிட்டால் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். சில மாசங்களுக்கு முன்னால் எனக்குப் போன் பண்ணிய நண்பர் மூன்றாவது ரகம். வீடு கட்டப் போகிறவர்!

"மாப்ளே, வாட்ஸ்அப்ல எலிவேஷன் படம் அனுப்பியிருக்கேன். பாத்துட்டுச் சொல்லு."

பார்த்தேன். ராஜபாளையத்தில் அவர் தாத்தா கட்டின வீடு இருந்த இடத்தில், முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. நடுவில் ஆரஞ்சுப் பட்டை. மேலே, காரணமே இல்லாமல் ஒரு பெரிய வட்டம். திண்ணை இருந்த இடத்தில் கார் ஷெட். நண்பரிடம் கார் கிடையாது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. எத்தனை மணிக்கு வந்தா பல் பிடுங்குவாங்க?"

மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பி.காம். படிச்ச உனக்கு டிசைனைப் பத்தி என்னடா தெரியும்?" என்றார். நியாயமான கேள்விதான். டெபிட் இடது பக்கம், கிரெடிட் வலது பக்கம். நான் படித்த ஒரே டிசைன் அதுதான். இருந்தாலும் ரோஷம் வந்துவிட்டது.

"ஒரு நாள் லீவு போடு. உங்க ஊரையும் பக்கத்து ஊரையும் சுத்திக் காட்டறேன். அதுக்கப்புறமும் கண்ணாடிதான் வேணும்னா, கிரகப்பிரவேசத்துல நானே பந்தி பரிமாறுறேன்."

பிறந்து வளர்ந்த ஊரை வெளியூர்க்காரன் சுற்றிக் காட்டுவதா என்று முனகிக்கொண்டே வந்தார். மதுரையில் பஸ் ஏறினோம்.

பிள்ளையார் சுழி மாதிரி ஒரு கோபுரம்

முதல் ஸ்டாப், ஸ்ரீவில்லிபுத்தூர். வடபத்ரசாயி கோயில் கோபுரத்துக்கு எதிரே நண்பரை நிறுத்தினேன். பதினோரு நிலை, 192 அடி. "இதை எங்கேயாவது பாத்திருக்கியா?"

"விளையாடறியா? சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்."

"அதைக் கேக்கலை. ஆபீஸ்ல?"

நண்பர் அரசாங்க உத்தியோகஸ்தர். அவர் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு தாளின் தலையிலும் தமிழ்நாடு அரசின் முத்திரை இருக்கிறது. நடுவில் கோபுரம், அதன் முன்னால் அசோகச் சிங்கம், இரண்டு பக்கமும் தேசியக் கொடி, கீழே 'வாய்மையே வெல்லும்'. அந்தக் கோபுரம் இதுதான் என்று ஊர் உலகம் சொல்கிறது. முத்திரையை வரைந்தவர் மதுரை ஓவியர் கிருஷ்ணா ராவ். அவர் மீனாட்சி அம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தைத்தான் வரைந்தார் என்று இன்னொரு கட்சியும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு அதைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். பால்கோவா கிடைக்காது!

வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மதுரைக் கோபுரங்களில் சுதைச் சிற்பங்கள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தீபாவளிக்கு முந்தின நாள் மாட்டுத்தாவணி மாதிரி. இங்கே அந்தக் கூட்டம் இல்லை. கோடு, மேலே ஒரு கோடு, அதற்கும் மேலே இன்னொரு கோடு. போகப் போகக் குறுகிக்கொண்டே வானத்துக்குப் போகிறது. கட்டைவிரல் நகம் அளவு ரப்பர் ஸ்டாம்பில் அடித்தாலும் கோபுரம் என்று தெரிய வேண்டுமானால், உருவம் இப்படித்தான் இருக்க வேண்டும். சிற்பத்தை எடுத்தாலும் நிற்கும், வர்ணத்தை எடுத்தாலும் நிற்கும். உன் எலிவேஷனில் கண்ணாடியை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?

நண்பர் பதில் சொல்லவில்லை. பாக்கெட்டிலிருந்த ஆபீஸ் கவர் ஒன்றை எடுத்து, முத்திரையையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒரு நாள் கிளி

பக்கத்திலேயே ஆண்டாள் கோயில். இரண்டு கோயிலுக்கும் நடுவே நந்தவனம். பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் இடம்.

ஆண்டாளின் இடது கையைக் கவனியுங்கள். கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, மூங்கில் குச்சியில் கால், காக்காப்பொன்னில் கண். மணிக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே கட்டுகிறார்கள். ஒரே நாள்தான் அதற்கு ஆயுசு. மறுநாள் புதுக் கிளி. பழைய கிளி யாராவது ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடும்.

செலவுக் கணக்கு எழுதிப் பழகியவனுக்கு இது புரியாது. தங்கத்தில் ஒரு கிளி செய்துவிட்டால் வேலை முடிந்ததே! ஆனால் தங்கத்தில் செய்திருந்தால் கிளி மட்டும் இருந்திருக்கும், கட்டத் தெரிந்த கை இருந்திருக்காது. தினமும் செய்ய வேண்டியிருப்பதால்தான் அந்தக் கைவேலை தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

அடுத்தது தேர். ஆடிப்பூரத்துக்கு ஓடும். ராட்சசத் தேர். மரச் சக்கரம் இருந்த காலத்தில் நிலைக்கு வந்து சேர நாட்கணக்கில் ஆகும் என்பார்கள். பிறகு இரும்புச் சக்கரம் வந்தது, ஹைட்ராலிக் பிரேக் வந்தது. இப்போது புறப்பட்ட அன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறது. மரச் சிற்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. "பாத்தியா, பழசை இடிக்காமலே புதுசு பண்ணலாம்" என்று ஒரு இடி இடித்தேன்.

தேரைத் திருப்புவது முட்டுக்கட்டை. சக்கரத்தடியில் சரியான நேரத்தில், சரியான கோணத்தில் கட்டையைக் கொடுத்தால் அத்தனை டன்னும் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பும். நம் ஆபீஸ்களில் முட்டுக்கட்டை போட்டால் ஃபைல் நிற்கும். இங்கே முட்டுக்கட்டை போட்டால் தேர் நகரும். இரண்டு இடத்திலும் சர்வீஸ் உள்ள ஆட்கள்தான் போடுகிறார்கள்!

வெளியே வந்து பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. பால், சர்க்கரை, அடுப்பு, பொறுமை. அவ்வளவுதான் ஃபார்முலா. முந்திரி கிடையாது, கலர் கிடையாது, வெள்ளி ஜரிகைத் தாள் கிடையாது. கிண்டக் கிண்டத் தண்ணீர் போய், மிச்சம் நிற்பது பால்கோவா. இதுவும் கோபுரம் கேஸ்தான். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று தெரிந்த ஆள் பண்ணியது.

அழகுக்குக் கொடுத்த விலை

அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர் சுமார். மேற்கே மலை கூடவே வருகிறது. இந்த ஊர்ப் பேரைச் சொன்னால் வெளியூரில் முதல் கேள்வி, "நாய்க்குட்டி கிடைக்குமா?" பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, குச்சிக் கால், ஒட்டின வயிறு. 2005-ல் தபால் தலையிலேயே வந்த நாய். பார்த்தால் யாரோ உட்கார்ந்து வரைந்த மாதிரி இருக்கும்.

ஒரு வகையில் வரைந்ததுதான். வெள்ளைதான் வேண்டும், ரோஸ் மூக்குதான் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அந்த வெள்ளையோடு கூடவே வந்தது ஒரு தொல்லை. சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. காவலுக்கு வைத்த நாய், திருடன் வந்த சத்தம் தெரியாமல் தூங்கினால் எப்படி? பார்வைக்கு மட்டும் டிசைன் பண்ணினால் வேறெங்கோ ஒரு இடத்தில் பில் வந்தே தீரும். மேற்கு வெயிலுக்கு நேராக நீலக் கண்ணாடி போட்டால் கரண்ட் பில்லாக வரும்.

பக்கத்திலேயே காந்தி கலை மன்றம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டை ஊருக்குக் கொடுத்து ஏற்படுத்தியது. 1952 தேர்தலில் தோற்றவர், பிறகு ஒரிசாவுக்குக் கவர்னராகப் போனவர். பதவியில் இருந்து வீடு கட்டினவர்களைப் பார்த்திருக்கிறோம். வீட்டைக் கொடுத்தவரைப் பார்க்க வேண்டுமானால் இந்தத் தெருவுக்கு வர வேண்டும். வாசலில் நின்ற நண்பர், "இதுல கார் ஷெட் எங்கடா?" என்றார். குணமாகிக்கொண்டு வருகிறார் என்று தெரிந்தது.

ஓட்டைதான் விசேஷம்

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி. தெருவில் நுழைந்தாலே விசைத்தறிச் சத்தம். இங்கே நெய்வது பட்டுச் சேலை இல்லை, பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் உங்கள் முழங்காலில் சுற்றியது இந்தப் பக்கத்துச் சரக்காக இருக்கலாம்.

வேண்டுமென்றே கலக்கலாக, இழைக்கு இழை இடைவெளி விட்டு நெய்கிறார்கள். புண்ணுக்குக் காற்றுப் போக வேண்டும், ஈரத்தை உறிஞ்ச வேண்டும். பச்சைப் பருத்தியில் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. அது இருந்தால் தண்ணீர் ஒட்டாது. அதனால் வேகவைத்து, மெழுகை நீக்கி, வெளுத்து எடுக்கிறார்கள். இங்கேயும் நீக்குகிற வேலைதான்! உலகத்திலேயே ஓட்டைக்காக விலை கொடுத்து வாங்குகிற துணி இது ஒன்றுதான். கொசுவலைக்காரர்கள் மன்னிக்கவும்.

தெற்கே தளவாய்புரம் பக்கம் போனால் நைட்டி. ஊர் முழுக்கத் தையல் மிஷின். சிரிக்காதீர்கள். இடுப்புப் பட்டி இல்லை, அளவுத் தொல்லை இல்லை. அடுப்படி, ரேஷன் கடை, பள்ளிக்கூட வாசல் எல்லாவற்றுக்கும் ஒரே உடுப்பு. மேலே ஒரு துண்டு போட்டால் விருந்தாளியையும் வரவேற்கலாம். இவ்வளவு வேலை செய்கிற ஒரு டிசைனுக்கு இதுவரை யாரும் அவார்டு கொடுத்ததாகத் தெரியவில்லை. நம் ஜோக் எழுத்தாளர்கள் கிண்டலைத்தான் கொடுத்திருக்கிறோம்.

ஒரு ரூபாய்ச் சொத்து

சாயங்காலம் நண்பர் வீட்டுக்கு வந்தோம். அவருடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு அம்மாக்கள் இரண்டு பேர். பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

நானும் உட்கார்ந்தேன். கால் சரியாகத் தரையில் பட்டது. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அகலம். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்திக் கட்டின திண்டு. மழைத் தண்ணீர் தெருப் பக்கம் ஓட, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு. நண்பர் திண்ணையைச் சாண் போட்டு அளந்தார். பிறந்ததிலிருந்து உட்கார்ந்த திண்ணையை அன்றைக்குத்தான் அளந்தார்.

"அம்மா, வீடு மாத்தினா உனக்கு என்னம்மா வேணும்?"

"எனக்கு என்னப்பா வேணும்? பூக்காரி வந்தா கூடையை எங்க வைப்பான்னுதான் பாத்தேன்."

எங்கள் கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் பழைய சொத்து ஒரு ரூபாய்க்கு வந்து நிற்கும். மதிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. இன்னமும் வேலை செய்கிறது, மறந்துவிடாதே என்பதற்காகத்தான் அந்த ஒரு ரூபாய். அந்தத் திண்ணையும் அப்படித்தான். அதை நம்பி அந்தத் தெருவில் நாலு கிழவிகளின் சாயங்காலம் நடக்கிறது.

போன வாரம் நண்பர் புது பிளான் அனுப்பினார். திண்ணை அப்படியே. முற்றம் அப்படியே. பின்பக்கம் பழைய மாட்டுத் தொழுவம் இருந்த இடத்தில் மாடி வைத்து இரண்டு ரூம், பாத்ரூம். தம்பிக்கு இன்னும் கண்ணாடி ஆசை போகவில்லையாம். பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மாடியில் மட்டும் ஒரு வட்டம் தெரிந்தது. "இது எதுக்குடா?" என்று போன் பண்ணினேன்.

"மாப்ளே, அது தண்ணி டேங்க்."

சரி, அது வட்டமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.