மலைநாட்டுத் துண்டு



அவுஸ்திரேலியாவின் தொடக்ககால வரலாற்றில் விடுப்புச் சீட்டு என்றொரு காகிதம் உண்டு. நமது மலைநாட்டு வரலாற்றில் துண்டு என்றொரு காகிதம் உண்டு. இரண்டும் பிரித்தானிய ஆட்சியின் கீழ்த் தோன்றியவை. ஒரு மனிதன் எங்கே உழைக்கலாம் என்பதை இரண்டும் தீர்மானித்தன. முன்னதைப் பெற்றவன் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற கைதி. பின்னதை வேண்டி நின்றவனோ குற்றம் யாதும் செய்யாத தொழிலாளி. இவ்விரண்டையும் ஒப்புநோக்கினால் அட்டன், நுவரெலியா மலைகளைப் பசுமையாக்கிய மக்களின் பழைய வாழ்வு தெளிவாக விளங்கும்.

1788 சனவரியில் 11 கப்பல்கள் சிட்னிப் பகுதியை அடைந்தன. அவற்றில் 700 க்கு மேற்பட்ட கைதிகள் இருந்தனர். 7 ஆண்டு, 14 ஆண்டு, ஆயுட்காலம் என அவர்களுக்குத் தவணை விதிக்கப்பட்டிருந்தது. 1801 இல் தேசாதிபதி கிங் என்பவர் விடுப்புச் சீட்டு முறையை ஏற்படுத்தினார். அச்சீட்டைப் பெற்ற கைதி, தவணை முடியுமுன்னரே தனக்கென உழைத்துப் பொருளீட்டலாம். ஆனால் குறித்த எல்லையை விட்டு அகலலாகாது. தவணை முடிந்த ஜேம்ஸ் ரூஸ் என்பவருக்குப் பரமட்டாவில் 30 ஏக்கர் நிலமும் வழங்கப்பட்டது. அந்நிலம் அந்நாட்டுப் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது வேறொரு துயரக் கதை. கைதிகளின் வாழ்வு கசையடியும் பசியும் நிறைந்ததே. எனினும் பலருக்கு அதற்கொரு முடிவு நாள் இருந்தது.

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம். 1820 களில் இங்கே கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கியோர் காடுகளினூடே கால்நடையாக மாத்தளைக்கு நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். பின்னர் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்தூராவில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலைகளெங்கும் தேயிலை பரவியது.

பயிர் மாறியபோதும் தொழிலாளியின் கட்டு மாறவில்லை. வழிச்செலவுக்கும் அரிசிக்கும் துணிக்கும் கங்காணி கொடுத்த முற்பணம், தோட்டத்தில் கால்வைக்குமுன்னரே அவன்மீது கடனாக ஏறியிருந்தது. சட்டப்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து அவன் வேலையை விட்டு விலகலாம். ஆயினும் கடனோடு போகிறவனை வேறு தோட்டத்துரை ஏற்பது எங்ஙனம்? இங்கேதான் துண்டு வந்தது. இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாட்களை விடுவிப்பேன் எனத் துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் செல்வான். புதிய துரை பணம் கொடுத்தால் ஆட்கள் இடம் மாறுவர். அவர்களோடு கடனும் இடம் மாறும். கடன் தீர்ந்ததில்லை, பெரும்பாலும் அது வளர்ந்தது. விடுதலைச் சீட்டுப் போலத் தோன்றிய துண்டு, உண்மையில் மனிதரின் விலையைக் குறித்த சீட்டேயாகும்.

துண்டின்றிச் செல்லத் துணிந்தவனுக்குச் சிறை காத்திருந்தது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அனுமதியின்றி வேலையை விட்டகல்வது குற்றம். அதற்கு 3 மாதம் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். கூலி கொடுக்கல் வாங்கலில் எழும் வழக்கு பணத்தோடு முடிந்திருக்க வேண்டியது. தொழிலாளிக்கோ அது சிறைவாசலில் முடிந்தது.

இக்கொடுமைக்கு எதிராகச் சேர். பொன்னம்பலம் அருணாசலம் குரலெழுப்பினார். தொழிலாளர் நலனுக்கென 1919 இல் ஒரு சங்கமும் அமைத்தார். 1921 ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையை விட்டகன்றமைக்காகச் சிறையிடும் வழக்கமும் அத்துடன் முடிவுற்றது. அவுஸ்திரேலியாவுக்குக் கைதிகளை அனுப்புவது 1868 இலேயே நின்றுவிட்டதென்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். 1931 இல் கோ. நடேசையர் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார்.

தண்டனை முடிந்த கைதி நிலத்துக்கு உரியவனாகவும் குடிமகனாகவும் உயர முடிந்தது. துண்டு ஒழிந்த பின்னரும் தொழிலாளியின் நிலை அவ்வாறு உயரவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை வழங்கியது. லயத்துக்குப் பதிலாகச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்னும் கோரிக்கை இன்றும் ஒலிக்கின்றது. கடனுக்காகக் கட்டுண்டு உழைத்தோரின் வழித்தோன்றல்களுக்கு இந்நாடு திருப்பிச் செலுத்தவேண்டிய கடன் அதுவே.