கிரெடிட் கார்டு சைஸ் கம்ப்யூட்டர்... படம் மட்டும் ஏன் திணறுகிறது?

சித்தி மகள் ஒன்பதாம் வகுப்பு. நட்சத்திரம் பார்ப்பதில் அப்படியொரு கிறுக்கு. லேப்டாப் கேட்டாள், பட்ஜெட் இடித்தது. என் அலமாரியில் சும்மா கிடந்த ராஸ்ப்பெர்ரி பை 3 போர்டை எடுத்துப்போனேன். கிரெடிட் கார்டு அளவே இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர் அது. ஹால் டி.வி-யில் ஹெச்.டி.எம்.ஐ வயரைச் செருகி, கீபோர்டு, மௌஸ் மாட்டி, 'ஸ்டெல்லேரியம்' என்ற இலவச வானியல் மென்பொருளையும் போட்டுக்கொடுத்துவிட்டுப் பெருமையாக வீடு திரும்பினேன்.

மறுநாளே போன். "அண்ணா, வானத்தை மௌஸால இழுத்தா மூணு செகண்டு கழிச்சுதான் நகருது." பின்னாலிருந்து சித்தியின் குரல்: "பழசை நம்ம தலையில கட்டிட்டான். அதை எடைக்குப் போட்டுட்டு, கடனை உடனை வாங்கியாவது லேப்டாப்பே வாங்கிடலாம்."

போர்டு நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் இருந்த கிராபிக்ஸ் சிப்தான் வேலையே செய்யாமல் உட்கார்ந்திருந்தது. தப்பு என்னுடையது. 2019-ல் தயார் செய்த மெமரி கார்டை அப்படியே செருகிக் கொடுத்துவிட்டேன்.

கொஞ்சம் விளக்குகிறேன். கம்ப்யூட்டரில் பொதுவான கணக்குகளைப் போடுவது சிபியு. திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் நிறம் தீட்டுவது ஜிபியு. கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரரும், காய் நறுக்க இருபது பேரும் இருப்பதுபோல. அந்த இருபது பேருக்கும் புரியும் பாஷையில் வேலை சொல்ல ஒரு மேஸ்திரி வேண்டும். அவர்தான் 'டிரைவர்' என்கிற மென்பொருள். மேஸ்திரி வராவிட்டால், தலைமைச் சமையல்காரரே உட்கார்ந்து காய் நறுக்குவார். சாப்பாடு வரும், ஆனால் மாலை நான்கு மணிக்கு வரும்.

லினக்ஸில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். 'மெசா யூட்டில்ஸ்' தொகுப்பை நிறுவினால், 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' என்ற கட்டளை கிடைக்கும். அதை ஓட்டி, 'ரெண்டரர்' என்ற சொல் வரும் வரியைப் பாருங்கள். அங்கே 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், சிபியு தனியாளாகப் படம் வரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தங்கச்சியை போனிலேயே படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். எல்எல்விஎம்பைப்!

ராஸ்ப்பெர்ரி பை-யின் அந்தக் கால ஓ.எஸ்-ஸில், பை 3 மாடலுக்கு இந்த கிராபிக்ஸ் டிரைவர் ஆரம்பத்தில் அணைந்தேதான் இருக்கும். நாம்தான் 'ராஸ்பி கான்ஃபிக்' கருவியைத் திறந்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், 'ஜிஎல் டிரைவர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். 2021 நவம்பரில் வந்த 'புல்ஸ்ஐ' பதிப்பிலிருந்து புதிய டிரைவர் தானாகவே வந்துவிடுகிறது. ஒழுங்கான வழி, கார்டில் புது ஓ.எஸ் எழுதுவதுதான். ஆனால் தங்கச்சி அதற்குள் ஸ்கூல் புராஜெக்ட்டை அதில் சேமித்துவிட்டாள். அதனால் பழையதிலேயே முயன்று பார்த்தோம்.

ஒரு எச்சரிக்கை. 'ஜிபியு-வுக்கு 256 எம்.பி மெமரி ஒதுக்குங்கள், படம் பறக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பழைய டிரைவருக்கான வைத்தியம். புதிய டிரைவர் அந்த ஒதுக்கீட்டைத் தொடுவதே இல்லை. பை 3-யில் மொத்தமே 1 ஜி.பி, அதில் கால் பங்கு வீணாகும். இன்னொன்று, திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். பை 3-க்கு 5 வோல்ட், 2.5 ஆம்ப், பை 4-க்கு 3 ஆம்ப் வேண்டும். பழைய மொபைல் சார்ஜரைச் செருகினால் போர்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்புறம் எந்த டிரைவர் போட்டும் பயனில்லை.

ஒரு மெனுவில் சொடுக்கினால் முடிந்துவிடும் இந்த விஷயத்துக்குப் பின்னால் பல வருடப் போராட்டம் இருக்கிறது.

2012 பிப்ரவரி 29-ல், 35 டாலர் விலையில் முதல் ராஸ்ப்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் நண்பர்களும் பள்ளிப்பிள்ளைகள் புரோகிராமிங் பழகுவதற்காக உருவாக்கியது. அதிலிருந்த சிப் பிராட்காம் நிறுவனத்துடையது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. கரன்ட் கொடுத்ததும் முதலில் கண் விழிப்பது கிராபிக்ஸ் பகுதி. அதுதான் பிறகு சிபியு-வை எழுப்பும். வீட்டுக்காரர் ஜிபியு, சிபியு வாடகைக்குக் குடியிருப்பவர் என்றே சொல்லலாம். ஆனால் அந்த வீட்டுக்காரர் என்ன பாஷை பேசுகிறார் என்பது வெளியாருக்குத் தெரியாது. ஆவணங்கள் எல்லாம் ரகசியம். அதே ஆண்டு அக்டோபரில் 'திறந்துவிட்டோம்' என்று ஒரு பகுதி கோடை வெளியிட்டார்கள். திறந்தது வாசல் கதவுதான், உள்ளறைகள் பூட்டியே இருக்கின்றன என்று லினக்ஸ்காரர்கள் கடுப்பானார்கள்.

2014 பிப்ரவரி 28-ல் நிலைமை மாறியது. பிராட்காம் தன் 'வீடியோகோர் 4' கிராபிக்ஸ் பகுதியின் ஆவணங்களைப் பகிரங்கமாக வெளியிட்டது. கூடவே, அதே கிராபிக்ஸ் பகுதியைக் கொண்ட வேறொரு மொபைல் சிப்புக்கான டிரைவர் கோடும் வந்தது. அதை பை-க்கு மாற்றி, 'குவேக் 3' வீடியோ கேமை விளையாடும் வேகத்தில் முதலில் ஓட்டிக்காட்டுபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று ராஸ்ப்பெர்ரி பை ஃபவுண்டேஷன் அறிவித்தது. ஒரே மாதத்தில் சைமன் ஹால் என்பவர் பரிசை அடித்தார்.

ஆனால் பரிசுக்காக ஓட்டிக்காட்டுவது வேறு, ஊருக்கெல்லாம் உழைக்கும் டிரைவர் எழுதுவது வேறு. அதைச் செய்ய அதே ஆண்டு எரிக் ஆன்ஹோல்ட், இன்டெலை விட்டு பிராட்காமில் சேர்ந்தார். அவர் எழுதிய 'விசி4' டிரைவர் 2016-ல் வெளியான லினக்ஸ் கெர்னல் பதிப்புகளில் இடம்பிடித்தது. பின்னர் வேலையைத் தொடர்ந்தது ஸ்பெயினின் இகாலியா. ஊழியர்களே முதலாளிகளாக இருக்கும் கூட்டுறவு நிறுவனம் இது. 2019-ல் வந்த பை 4-க்கு, 'வல்கன்' என்ற நவீன கிராபிக்ஸ் வசதியை 2020-ல் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான்.

கெர்னலுக்குள் டிரைவர் போய்விட்டால் என்ன லாபம்? தயாரித்த கம்பெனி அந்த போர்டை மறந்தாலும், ஓ.எஸ் அப்டேட்டோடு டிரைவரும் கூடவே வரும். பூட்டிய டிரைவர் அப்படியல்ல. எந்தக் கெர்னலுக்காகச் செய்தார்களோ, அதிலேயே நின்றுவிடும்.

விலை குறைவான மற்ற போர்டுகள் பலவற்றில் ஏ.ஆர்.எம் நிறுவனத்தின் 'மாலி' ஜிபியு இருக்கும். அதற்குத் திறந்த டிரைவர் நெடுங்காலம் இல்லை. அலிசா ரோசன்ஸ்வைக் போன்றவர்கள், சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியிலிருந்தே கவனித்து, அதன் பாஷையை ஊகித்து எழுதினார்கள். அப்படி வந்த 'லிமா', 'பேன்ஃப்ராஸ்ட்' டிரைவர்கள் 2019-ல் லினக்ஸ் 5.2-ல் சேர்ந்தன. அதனால் போர்டு வாங்கும்போது விலையையும் ஜி.பி-யையும் மட்டும் பார்க்காதீர்கள். 'இதன் ஜிபியு டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறதா?' என்று கேளுங்கள். விற்பவர் கம்பெனியின் தனிப்பட்ட ஓ.எஸ் ஒன்றை மட்டும் காட்டினால், நான் வாங்க மாட்டேன்.

யூடியூப் இதனால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. வீடியோவை விரித்துக்காட்டுவது வேறு பகுதியின் வேலை. யூடியூப் பெரும்பாலும் அனுப்பும் 'விபி9' வகை வீடியோவுக்கு பை 3, பை 4 இரண்டிலும் தனி வன்பொருள் கிடையாது. 'ஹெச்264ஐஃபை' என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டால் ஓரளவு சுகம். 2023-ல் வந்த பை 5-ல் ஹெச்.264-க்கான வன்பொருளையே எடுத்துவிட்டார்கள்; சிபியு-வே சமாளிக்கிறது.

தங்கச்சி ரீஸ்டார்ட் செய்து மறுபடி படித்தாள்: "விசி4... வி3டி... 2.1." மேஸ்திரி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது சித்தி சோபாவில் சாய்ந்தபடி டி.வி-யைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீரியல் இல்லை. "என் நட்சத்திரம் திருவாதிரையைக் காட்டுடி" என்றார். தங்கச்சி வானத்தை ஒரு சுழற்றுச் சுழற்றி, ஓரியன் வேட்டைக்காரனின் தோளில் சிவப்பாக இருந்த புள்ளியில் நிறுத்தினாள். லேப்டாப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. "இது இவ்ளோ சிவப்பா?" என்று மட்டும் கேட்டார் சித்தி.