நாலு சில்லும் இழுக்கும் வாகனத்துக்கு எந்த ரயர்?

இருப்பது ஓரிடம், காணி இன்னோரிடம் என்ற நிலை எமது குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னும் தீரவில்லை. விடுவிக்கப்பட்ட காணியைத் துப்புரவாக்கித் தோட்டம் செய்யத் தொடங்கியவர்கள்கூட, வீடும் கிணறும் சரிவரும்வரை உறவினர் வீட்டிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோதான் போய்வருகிறார்கள். விதைநெல், பசளை, நீர்ப்பம்பி, வேலைக்கு வரும் ஆட்கள் எல்லாம் ஒரே வாகனத்தில் போகவேண்டும். விளைந்தது அதே வாகனத்தில் சந்தைக்கு வரவேண்டும். இதனால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தோ, கமக்காரர் அமைப்பின் மூலமாகவோ, நாலு சில்லும் இழுக்கும் பழைய ‘கப்’ வாகனம் ஒன்றை வாங்கி ஓடுவதைப் பல இடங்களிலும் காண்கிறோம்.

வாங்கும்போது எஞ்சினைக் கேட்டுப் பார்க்கிறார்கள். தகரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். ரயரை மட்டும் ‘ஓடுமட்டும் ஓடட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு மாற்றியே ஆகவேண்டிய நாளில், கூட்டுப் பணத்தில் பெரிய பங்கு ரயருக்கே போய்விடுகிறது. அப்படிப் பெருந்தொகையைக் கொடுக்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

மூன்று வகை

இத்தகைய வாகனங்களுக்கென வரும் ரயர்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். ‘எச்-ரி’ என்பது தார் வீதிக்கானது. இதன் பூக்கள் சிறியன, நெருக்கமானவை. சத்தமில்லாமல் ஓடும், எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். ‘எம்-ரி’ என்பது சேற்றுக்கானது. பெரிய கட்டைகளும் அவற்றிடையே அகன்ற பள்ளங்களும் இருக்கும். சில்லு சுழலும்போது பள்ளத்தில் அடைந்த சேறு வெளியே வீசப்பட்டு, கட்டை மறுபடியும் மண்ணைப் பிடிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது ‘ஏ-ரி’, அதாவது எல்லாத் தரைக்கும் பொதுவான ரயர். நமது பாவனைக்குப் பெரும்பாலும் பொருந்துவது இதுவே என்பது எமது கருத்து. ஆனால் ‘பொது’ என்ற சொல்லை நம்பி ஏமாறவும் கூடாது. பொது ரயர் எதிலும் முதலாவதாக வராது. தாரில் எச்-ரியிலும் சற்றுப் பின்தங்கும். ஆழச் சேற்றில் எம்-ரியிடம் தோற்கும். எல்லாவற்றையும் ஓரளவு செய்யும் என்பதே அதன் பெருமை.

‘எம் பிளஸ் எஸ்’ என்ற அடையாளத்தையும் பல ரயர்களில் காணலாம். சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்பது அதன் பொருள். ஆனால் சாதாரணத் தார் வீதி ரயர்களிலும் இவ்வெழுத்துகள் உண்டு. ஆகவே எழுத்தை விட்டுவிட்டுப் பூவைக் கண்ணால் பாருங்கள்.

இளைஞர்களுக்குப் பெரும்பாலும் எம்-ரி ரயரில்தான் கண். பார்வைக்கு அது எடுப்பானது, மறுப்பதற்கில்லை. ஆனால் வாகனம் ஒரு வருடத்தில் எங்கே ஓடுகிறது என்று கணக்கெடுங்கள். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் வண்டி ஏ-9 தார் வீதியில் நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீற்றர் ஓடுகிறது. வயலுக்குப் போகும் கிறவல் பாதை ஐந்து கிலோமீற்றர். உண்மையான சேறு அதிலும் சில நூறு யார்தான். அதுவும் காலபோகத்து மழை இறுக்கமாகப் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்கள். அந்தச் சில நாளுக்காகச் சேற்று ரயர் போட்டால், மீதி நாளெல்லாம் தாரில் அதைத் தேய்த்து முடிக்கிறோம். டீசலும் கூடப் போகிறது. 2022 இல் கியூ.ஆர். குறியீட்டுக்கு எரிபொருள் பங்கிடப்பட்ட காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய விடயம் பிறேக். சேற்று ரயரின் கட்டைகளுக்கிடையே வெற்றிடம் அதிகம். ஆகையால் தாரைத் தொடும் இறப்பர் குறைவு. நனைந்த தாரில் அது நிற்க எடுக்கும் தூரமும் கூடுகிறது. இரவில், மழைக்குள், மூடைகளின் மேல் ஆட்களும் இருக்க, வீதியில் கட்டாக்காலி மாடு படுத்திருந்தால் அந்தச் சில யார் தூரம் உயிரோடு சம்பந்தப்பட்டது. சேறு மிகுந்த நாளில் உழவு இயந்திரத்தையும் பெட்டியையும் பிடித்து மூடைகளைக் கிறவல் வீதிவரை இறக்கிக்கொள்ளுங்கள். உழவு இயந்திரத்துக்கு அதற்கென்றே சில்லு இருக்கிறது.

மண்ணைப் பார்த்து

எல்லா இடத்துக்கும் ஒரே புத்தி சொல்லமுடியாது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களுக்கு வெறும் தார் வீதி ரயரே போதும். அங்கே சேற்றைவிடக் கல்தான் ரயரின் எதிரி. வன்னியின் செம்மண்ணிறக் காட்டுப் பாதைகளுக்கு ஏ-ரி நன்றாகப் பொருந்தும். முருங்கன் பக்கத்துக் கருங்களி வேறு சாதி. மழையில் நனைந்ததும் அது பூக்களுக்குள் பசைபோல அடைந்து, எந்த ரயரையும் வழுவழுப்பான உருளையாக்கிவிடும். எம்-ரிகூட அங்கே திணறும். அத்தகைய களியில் அகன்ற ரயரைவிட ஒடுங்கிய ரயர் மேல் என்பது பழைய சாரதிகளின் கணக்கு. மேற்சேற்றை வெட்டிக்கொண்டு கீழேயுள்ள கெட்டித் தரையைத் தொடும். பழைய லான்ட் றோவர்களின் ஒடுங்கிய ஏழரை-பதினாறு ரயர் அப்படித்தான் வேலை செய்தது.

மணலில் இது தலைகீழ். மணற்காடு, முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற இடங்களில் ரயர் அகலமாகத் தரையில் படியவேண்டும். அதற்கு அகன்ற ரயர் வாங்கத் தேவையில்லை. காற்றைக் குறைத்தாலே போதும். தாரில் 30, 35 இறாத்தல் வைத்து ஓடும் ரயரை, மணலுக்குள் இறங்குமுன் பாரத்தைப் பொறுத்து 18, 20 இறாத்தலுக்கு இறக்கினால், ரயர் தட்டையாகி நீளமாகப் படியும். வாகனம் புதையாமல் மேலே ஓடும். அந்தக் காற்றோடு மெதுவாகத்தான் ஓடவேண்டும், சுக்கானைச் சடுதியாக ஒடிக்கவும் கூடாது. ரயர் றிம்மிலிருந்து கழன்றுவிடும். தாருக்கு ஏறியதும் திரும்பக் காற்றடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த ரயரைத் தாரில் பாரத்தோடு வேகமாக ஓட்டினால் அதன் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். ஆகவே ஒரு நல்ல கால்பம்பியும் காற்று அளக்கும் மானியும் வாகனத்தில் எப்போதும் இருக்கட்டும்.

மன்னாரில் உடைமுள் இன்னொரு சங்கதி. முள் பூவில் ஏறினால் ஒட்டலாம். பக்கச்சுவரில் ஏறினால் பல ரயர்கள் அத்தோடு சரி. முள்ளுப் பாதையில் ஓடுபவர்கள் பக்கச்சுவர் தடித்த, ‘எல்-ரி’ என்ற எழுத்துள்ள பாரவண்டி ரயரையே கேளுங்கள்.

ரயரில் எழுதியிருப்பது

பக்கச்சுவரில் உள்ள எழுத்துகளைக் கடைக்காரரை நம்பாமல் நாமே வாசிக்கப் பழகவேண்டும். ‘235/75 ஆர் 15’ என்றிருந்தால், ரயரின் அகலம் 235 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. ‘ஆர்’ என்பது றேடியல். 15 அங்குலம் என்பது றிம்மின் விட்டம். அதன் பின்னால் 104 போன்ற ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் வரும். எழுத்து வேகத்தைக் குறிக்கும். நமது வீதிகளில் அது பெரிய விடயமல்ல. எண்தான் முக்கியம். அது ஒரு ரயர் தாங்கும் பாரம். 95 என்றால் 690 கிலோ. 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900 கிலோ. 109 என்றால் 1030 கிலோ.

இதை நமது வண்டிக்குப் போட்டுப் பார்ப்போம். வெறும் கப் வாகனத்தின் பின்பக்கம் 700 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 65 கிலோ மூடைகள் 12 ஏற்றினால் 780 கிலோ. மேலே இருவர் ஏறிக்கொண்டால் இன்னொரு 120 கிலோ. மொத்தம் 1600 கிலோ. பின்சில்லு ஒன்றுக்கு 800. இங்கே 95 எண்ணுள்ள ரயர் புதியதாக இருந்தாலும் வெடிக்கத்தான் போகிறது. 100 எண்ணுள்ளது மட்டுமட்டாக நிற்கும். குழிக்குள் விழுந்தால் அதற்கும் மேலே பாரம். 104க்குக் குறையாமல் வாங்குவதே புத்தி. அந்த எண் சொல்லும் பாரம் முழுக் காற்று இருந்தால் மட்டுமே பொருந்தும் என்பதையும் மறக்கவேண்டாம்.

அடுத்தது வயது. ‘டி-ஓ-ரி’ என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000 ஆம் ஆண்டுக்கு முந்தியது, தொடவேண்டாம். இறப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடையும். வெயிலில் கிடந்தால் இன்னும் விரைவாக. ஆறு வருடம் தாண்டியதை ஆண்டுதோறும் கவனமாகச் சோதிக்கவேண்டும். பத்து வருடம் தாண்டியதைப் பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடவேண்டும். 2020 இல் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் ரயரும் இருந்தது. இப்படியான தட்டுப்பாட்டுக் காலங்களில் மூலையில் கிடந்த பழைய சரக்கு கறுப்புப் பூச்சுப் பூசிப் புதியதாக வெளியே வரும். பூக்களின் அடியிலும் பக்கச்சுவரிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று ரயரை அமத்திப் பாருங்கள்.

பாவித்த ரயர் வாங்குபவர்கள் பூவின் ஆழத்தை அளக்க ஓர் ஈர்க்குப் போதும். பள்ளத்துக்குள் குத்தி, நகத்தால் மட்டம் பிடித்து, அடிமட்டத்தில் வையுங்கள். புதிய ஏ-ரி ரயரில் ஏறத்தாழ 10 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் உண்டு. பூ அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மீதி 1.6 மில்லிமீற்றர்தான், ரயர் முடிந்தது என்று பொருள். சேற்றுப் பாதைக்காரருக்கு 4, 5 மில்லிமீற்றரிலேயே அது முடிந்துவிடுகிறது.

நாலும் ஒன்றாக

காசில்லை என்று இரண்டு புதியது, இரண்டு பழையது, அதிலும் வேறு அளவு என்று பூட்டுவது சாதாரண வாகனத்தில் ஓரளவு தாங்கும். நாலு சில்லும் இழுக்கும் வாகனத்தில் இது கியர்ப்பெட்டிக்கே வினையாகும். நம்மிடம் உள்ள பழைய கப் வாகனங்கள் பெரும்பாலானவற்றில், நாலு சில்லு இழுவையைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே அளவாகச் சுழலும். முன் ரயர் சிறியதாகவும் பின் ரயர் பெரியதாகவும் இருந்தால், ஒரே சுற்றில் ஒன்று குறைந்த தூரமும் மற்றது கூடிய தூரமும் போகப் பார்க்கும். சேற்றில் ரயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் பல்லுச்சக்கரங்களில் ஏறும். இதே காரணத்தால், நாலு ரயரும் ஒன்றாக இருந்தாலும், இத்தகைய வாகனத்தைக் காய்ந்த தாரில் நாலு சில்லு இழுவையில் ஓட்டக்கூடாது; வளைவில் முன்சில்லும் பின்சில்லும் ஒரே தூரம் ஓடுவதில்லை.

ஆகவே அளவு, வகை, இயன்றவரை கொம்பனியும் நாலுக்கும் ஒன்றாக இருக்கட்டும். நைலோன் ரயரையும் றேடியலையும் கலக்கவேண்டாம். எட்டு, பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றினால் நாலும் ஒரே சீராகத் தேயும். கூட்டாக வாகனம் வைத்திருப்பவர்கள் இந்த மாற்றும் திகதியைக் கணக்குக் கொப்பியிலேயே எழுதிவைத்தால் ‘நீ மாற்று, நான் மாற்று’ என்ற இழுபறி வராது.

பெரிய ரயர் போட்டால் வாகனம் உயரும் என்று சிலர் 31 அங்குலத்துக்குப் போகிறார்கள். 235/75 ஆர் 15 ரயரின் உயரம் ஏறத்தாழ 73 சதமமீற்றர். 31 அங்குலம் ஏறத்தாழ 79. வித்தியாசம் நூற்றுக்கு ஏழு அளவில். வேகமானி 60 காட்டும்போது வாகனம் 64இல் போகும். எஞ்சின் பாரத்துக்குத் திணறும். பிறேக்குக்கு வேலை கூடும். சுக்கானை முழுதாக ஒடித்தால் ரயர் தகரத்தில் உரசும். சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன அளவு எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள்.

ரயர் செய்ய முடியாதவை

நல்ல ரயர் பூட்டியதும் ‘இனி எங்கும் போகலாம்’ என்ற துணிவு வரும். இரண்டு இடத்தில் அந்தத் துணிவு வேண்டாம். ஒன்று, மேவிப் பாயும் பாலமும் வான் பாயும் குளத்துப் பாதையும். ஓடும் நீர் முழங்காலளவு இருந்தாலே வாகனத்தைத் தூக்கி இழுக்கப் போதும். மிதக்கும் வாகனத்துக்கு ரயரால் பயனில்லை. மற்றது, பழைய போர்முனைகளை அண்டிய பற்றைக்காடுகள். 2009 இல் போர் முடிந்தும், முகமாலை போன்ற இடங்களில் பல வருடங்களாக மிதிவெடி அகற்றவேண்டியிருந்தது. சேற்றைத் தவிர்க்கவென்று பாவனையிலுள்ள பாதையை விட்டு இறங்கிப் பற்றைக்குள்ளால் சுற்றி ஓடாதீர்கள். துப்புரவாக்கியாயிற்றா என்று தெரியாத நிலமென்றால் கிராம அலுவலரிடம் கேட்காமல் ஒரு சில்லும் வைக்கவேண்டாம். எச்சரிக்கைப் பலகை விழுந்தும் போயிருக்கலாம்.

கடைசியாக, மேலதிகச் சில்லு. பல வாகனங்களில் அது பின்னடியில் சங்கிலியில் தொங்கும். வாங்கிய நாளிலிருந்து கழற்றியிராத அச்சங்கிலி, தேவைப்படும் இரவில் துருப்பிடித்துக் கழற்ற மறுக்கும். மாதம் ஒருமுறை இறக்கி, கிறீஸ் பூசி, காற்றுப் பார்த்து ஏற்றுங்கள். கழித்த ரயர்களை வளவில் போட்டுவைக்கவேண்டாம். மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு அதற்குள்தான் முதலில் முட்டையிடும். வைத்திருக்கத்தான் வேண்டுமென்றால் துளையிட்டு நீரை வடியவிடுங்கள், அல்லது மண் நிரப்பிக் கத்தரியோ மிளகாயோ நடுங்கள்.