மேசைப்பந்தாட்டத்திற் பொறையும் சூழ்ச்சியும்

'பொறை' என்னுஞ் சொல்லுக்குத் தமிழிற் பொறுமை என்பதும் பொருள். சுமை என்பதும் பொருள். இவ்விரு பொருளும் ஒரு சொல்லிற் கூடிநின்றமை சிந்திக்கற்பாலது. பொறுத்தலாவது தாங்குதல். சுமை தாங்குவோன் அதனைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாளா நிற்பதில்லை. இறக்கவேண்டிய இடத்தை நோக்கி நடக்கின்றான். அவ்வாறே 'சூழ்ச்சி' என்னுஞ் சொல், இக்காலத்தில் வஞ்சனையைக் குறித்து இழிபொருளில் வழங்கினும், பண்டை வழக்கில் ஆராய்ந்தெண்ணுதலையே குறித்தது. பொறையும் சூழ்ச்சியும் ஒன்றையொன்று பிரிந்தவழி இரண்டும் பயனிலவாம். இவ்வுண்மையை வகுப்பறையில் நாம் உரைக்கின்றோம். மாணாக்கரும் அதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகின்றனர். அவர்கள் மறவாவண்ணம் அதனை உணர்த்தவல்ல ஆசான் ஒன்று, நம் பாடசாலை மண்டபங்கள் சிலவற்றின் மூலையிலே நாற்கால் ஊன்றி நிற்கின்றது. மேசைப்பந்தாடும் மேசையையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம்.

அம்மேசையின் நீளம் 2.74 மீற்றர், அகலம் 1.525 மீற்றர். நடுவிலுள்ள வலையின் உயரம் 15.25 சென்ரிமீற்றர். பந்தின் நிறை 2.7 கிராம். இத்துணைச் சிறிய களத்திலே பந்து கண்ணிமைப் பொழுதில் இருபாலும் பாய்ந்து திரும்புகின்றது. இத்தகைய விரைவான ஆட்டத்திற் பொறைக்கு இடமேது எனக் காண்போர் ஐயுறுவர். ஆயின், ஆடிப் பழகியவர்கள் வேறொன்றை அறிவர். தாம் இழந்த புள்ளிகளை எண்ணிப் பார்ப்பாராயின், எதிரி வென்று கொண்டவற்றினும் தம் பதற்றத்தாற் கைவிட்டவை பலவாதல் புலனாகும். கை விரையவேண்டிய ஆட்டமாதலினாலேயே உள்ளம் விரையாதிருத்தல் வேண்டும் என்க.

எனினும், வெறும் பொறுமை மட்டும் போதுமோ எனின், போதாது என்பதற்கு இவ்வாட்டத்தின் வரலாறே சான்று பகரும். 1936ஆம் ஆண்டு பிராக் நகரில் நடைபெற்ற உலகச் சுற்றுப்போட்டியிலே போலந்து நாட்டு அலோய்சி ஏர்லிக் என்பாரும், உருமேனியா நாட்டு பார்க்காஸ் பனெத் என்பாரும் எதிர்நின்றனர். இருவரும் தவறிழைக்காதிருத்தல் ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டு பந்தை மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தனர். முதற்புள்ளி முடிதற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அடுத்த ஆண்டில் ஒஸ்திரியாவின் பாடன் நகரிலே இதனினும் இரங்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. மகளிர் ஒற்றையர் இறுதிப்போட்டியில் அமெரிக்காவின் ரூத் ஆரன்ஸ் அம்மையாரும் ஒஸ்திரியாவின் திரூடி பிறிற்சி அம்மையாரும் ஆடினர். வகுக்கப்பட்ட காலவெல்லைக்குள் ஆட்டம் முடிவுறாமையின் போட்டி நிறுத்தப்பட்டது. வாகை எவர்க்கும் வழங்கப்படவில்லை. பல்லாண்டு கழித்து, 2001ஆம் ஆண்டிலே, இருவரும் இணைவாகையர் என அறிவிக்கப்பட்டனர். அந்தோ! அவ்வறிவிப்பைச் செவியேற்க அவ்விருவருள் ஒருவரேனும் அன்று உயிரோடிருந்திலர்.

இந்நிகழ்ச்சிகள் நமக்கு உணர்த்துவது யாது? இவர்கள் ஆற்றலிற் குறைந்தவரல்லர்; பொறையிலும் குறைந்தவரல்லர். ஆயின், எதிரியின் பிழையை எதிர்பார்த்திருத்தலையன்றி, அப்பிழையைத் தோற்றுவிக்கும் வழியை நாடினாரல்லர். சுமையைத் தாங்கினர், நடந்திலர். அதன்பின் வலையின் உயரம் ஆறேமுக்கால் அங்குலத்திலிருந்து ஆறங்குலமாகத் தாழ்த்தப்பட்டது. இன்றைய விதிப்படி ஓர் ஆட்டம் 10 நிமிடத்தைக் கடந்தும் முடிவுறாதாயின், இருவரும் சேர்ந்து 18 புள்ளிகளை ஈட்டியிருந்தாலன்றி, விரைவு விதி நடைமுறைக்கு வரும். அதன்பின் இருவரும் புள்ளிக்கொருமுறை மாறி மாறி ஆட்டத்தைத் தொடக்குவர். பந்தை எதிர்கொள்வோன் 13 முறை பிழையின்றித் திருப்பிவிட்டானாயின், புள்ளி அவனுக்கே உரியதாகும். பயன் நோக்காத பொறைக்கு விதியே எல்லை வகுத்தது எனலாம்.

இனி, பயன் நோக்கிய பொறை எத்தன்மைத்து என்பதைக் காண்போம். மேசைப்பந்தின் உயிர்நிலை அதன் சுழற்சியாகும். பின்னோக்கிச் சுழன்றுவரும் பந்தை மட்டையை நிமிர்த்தி அடிப்பின் அது வலையில் வீழும். முன்னோக்கிச் சுழன்றுவரும் பந்தை அவ்வாறே எதிர்கொள்ளின் அது மேலெழுந்து மேசைக்கு அப்பாற் செல்லும். மேசையைவிட்டு விலகிநின்று பந்தை வெட்டி வெட்டித் திருப்பும் தற்காப்பாளன் ஒருவனை எண்ணுக. அவன் ஒரு பந்தை மிக்க சுழற்சியோடும், அடுத்ததைச் சுழற்சி குன்றியும், கையசைவு வேறுபடாதவாறு அனுப்புகின்றான். எதிர்நிற்கும் இளைஞன் நான்கு முறை ஓங்கியடிக்கின்றான். நான்கும் திரும்பி வருகின்றன. ஐந்தாம் முறை சினங்கொண்டு முன்னிலும் ஓங்கியடிக்கின்றான். பந்து வலையில் வீழ்கின்றது. வீழ்த்தியது எதிரியின் கையன்று, தன் சினமே. தற்காப்பாளனோ அந்நான்கு அடிகளையும் வீணே பொறுத்தானல்லன். ஒவ்வொன்றையும் தாங்கும்போதே எதிரியின் கால் எப்பக்கம் தளர்கின்றது, எச்சுழற்சியில் அவன் ஐயுறுகின்றான் என்பவற்றைக் கற்றுக்கொண்டான்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்தமை தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே. வேந்தர்க்கு வகுத்த அம்முறை இச்சிறு களத்திற்கும் இயைபுடையது. தன் வலியையும் எதிரியின் வலியையும் சீர்தூக்குதல் முதலாவது. அடிக்கத்தக்க பந்து வருங்காறும் காத்திருத்தல் இரண்டாவது. மட்டையின் முன்புறத்தாற் கொள்வதோ பின்புறத்தாற் கொள்வதோ என எதிரி தடுமாறும் இடமாகிய, அவன் முழங்கையை நோக்கிப் பந்தைச் செலுத்துதல் மூன்றாவது. ஆட்டத்தைத் தொடக்கிவைக்கும் பணிப்பு என்னும் அடியும் அத்தகையதே. தேர்ந்த ஆட்டக்காரன் பணிக்கும்போது, எதிரி அதனை எவ்வாறு திருப்புவான் என்பதையும், திரும்பிவரும் பந்தைத் தான் எங்கே அடிப்பது என்பதையும் முன்னரே எண்ணி வைத்திருப்பான். முதலடி மூன்றாம் அடிக்கு வித்தாதல் காண்க.

சூழ்ச்சியின் மேன்மைக்கு 1965ஆம் ஆண்டு லுப்லியானா நகரில் நிகழ்ந்த மகளிர் குழு இறுதிப்போட்டியை எடுத்துக்காட்டலாம். சீனக் குழுவின் பயிற்றுநராயிருந்தவர் றொங் குவோதுவான். 1959இல் டோட்மண்ட் நகரில் உலக வாகை சூடிச் சீனாவுக்கு எவ்விளையாட்டிலும் முதல் உலகவாகையை ஈட்டித்தந்தவர் இவரே. யப்பானியருக்கு எதிராக லின் ஹுயிச்சிங், செங் மின்சி என்னும் தற்காப்பாளர் இருவரை அவர் களமிறக்கினார். தாக்குதலே வெற்றிக்கு வழியென எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்கலாம். சீனக் குழு 3–0 என்னும் கணக்கில் வென்றது.

பொறையின் மேன்மைக்கு 2003ஆம் ஆண்டு பரிஸ் நகரில் நடைபெற்ற உலகச் சுற்றுப்போட்டி சான்றாகும். ஒஸ்திரியாவின் வேர்னர் ஷ்லாகர் கால் இறுதியிலே, நடப்பு வாகையரான சீனத்து வாங் லிச்சினுக்கு எதிராகத் தோல்வியின் விளிம்பில் நின்றார். இன்னும் ஒரு புள்ளி இழப்பின் எல்லாம் முடிந்துவிடும் என்னும் நிலை ஒருமுறையன்று, பலமுறை வந்தது. அந்நிலையிலும் அவர் பதறவில்லை. அப்போட்டியை வென்று, அடுத்துக் கொங் லிங்ஹுயியையும் வென்று, இறுதியிலே கொரியாவின் புகழ்பெற்ற தற்காப்பாளர் ஜூ செ ஹியுக் என்பாரையும் வென்று வாகை சூடினார். அடுத்த ஆண்டில் ஏதன்ஸ் ஒலிம்பிக்கிலே, சுவீடன் நாட்டு யான் ஊவே வல்ட்னர், தம் 38ஆம் வயதில், தம்மினும் மிக இளையரான மா லின், ரிமோ போல் ஆகிய இருவரையும் தோற்கடித்தார். கால்களின் விரைவு குன்றிய வயதிலும், பந்து எங்கு வரும் என முன்னுணரும் அறிவு அவர்க்குக் குன்றவில்லை.

இன்னுமொன்று கூறுதல் வேண்டும். 21 புள்ளிகளாயிருந்த ஆட்டம் 2001ஆம் ஆண்டிலே 11 புள்ளிகளாகச் சுருக்கப்பட்டது. முன்னர் ஐந்து புள்ளிகளை இழந்தவனுக்கும் மீண்டெழ நெடும்பொழுது இருந்தது. இன்றோ ஐந்து புள்ளிகள் ஏறத்தாழ அரையாட்டமாகும். காலம் குறுகியதனாற் பொறை வேண்டா என்பதன்று. குறுகிய காலத்திலே பொறுக்கக் கற்றல் முன்னையினும் அரிதாயிற்று என்பதே பொருள். போட்டியின் நடுவே ஆட்டக்காரன் ஓய்வு கேட்டுப் பெறக்கூடியது ஒரேயொரு முறை. அதுவும் ஒரு நிமிடமே. எஞ்சிய பொழுதெல்லாம் தன் உள்ளத்தைத் தானே ஆளல் வேண்டும்.

நம் மாணாக்கர் வாழுங் காலமும் இவ்வாறே சுருங்கிவிட்டது. கடினமான கணக்கொன்றை ஐந்து நிமிடம் நோக்கியிருக்க அவர்க்கு மனமில்லை என்று குறைகூறுகின்றோம். அதே மாணவன் மாலையிலே தற்காப்பாளன் ஒருவனுக்கு எதிராக நின்று, நான்கு பந்துகளைப் பொறுத்து ஐந்தாவதை இடமறிந்து அடிப்பானாயின், அப்பயிற்சி மறுநாட் காலையில் அக்கணக்கின் முன்னும் அவனுக்குத் துணைநிற்றல் கூடும். ஆதலின் ஆசிரியப் பெருமக்களே, மண்டபத்து மூலையிலுள்ள மேசைமீது அடுக்கிவைத்த பழைய வினாத்தாட்கட்டுக்களை அகற்றி, வலையைக் கட்டுவியுங்கள். ஆட்டம் முடிந்தபின் மாணவனிடம் வென்றாயா தோற்றாயா என்று வினவாதீர்கள். எதிரியிடம் யாது கண்டாய் என்று வினவுங்கள்.