இரு கண்களும் சேர்ந்து பார்க்கின்றனவா?

எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை பிள்ளைக்குத் தெரிகிறது. ஆனால் பத்து நிமிடம் வாசித்தால் தலையிடி, எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசிக்கிறது. பஞ்சி என்று நாங்கள் ஏசுகிறோம். காரணம் கண்ணிலும் இருக்கலாம்.

கிட்டே பார்க்கும்போது இரு கண்களும் ஒருமித்து மூக்குப் பக்கம் திரும்பவேண்டும். இது சரிவர நடக்காவிட்டால் கண் குவிவுக் குறைபாடு என்பார்கள். சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இது இருந்தது.

இதற்குக் கண் பயிற்சி உதவும். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12 வாரம் பயிற்சியாளரிடமும் வீட்டிலும் பயிற்சி செய்த பிள்ளைகளில் 73 வீதமானோர் தேறினர். பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் வீட்டுப் பயிற்சியில் 43 வீதம். (பெயருக்குச் செய்த போலிப் பயிற்சியிலும் 35 வீதம்!) ஆனால் வாசித்து விளங்கும் திறன் போலிப் பயிற்சியைவிடக் கூடவில்லை என்று 2019இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே பயிற்சியால் படிப்பில் முன்னேறும் என்று யாரும் காசு கேட்டால் யோசியுங்கள்.

ஓல்போர்க்கில் முதலில் கண் வைத்திய நிபுணரிடம் செல்லுங்கள். குடும்ப வைத்தியரின் கடிதம் வேண்டியதில்லை, மஞ்சள் அட்டை போதும். கிட்டே பார்க்கும்போது இரு கண்களும் சேர்கின்றனவா என்று கேட்டுச் சோதிப்பியுங்கள். திடீரென இரட்டையாகத் தெரிந்தால் பயிற்சி தேடாமல் அன்றே வைத்தியரை அழையுங்கள்.