பழைய சரக்குந்துக்கு ஏற்ற கேம்ஷாஃப்ட்: வேகமா, இழுவையா?

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில், மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளின் முன்னால் சரக்குந்துகள் சில அடி நகர்வதும் நெடுநேரம் நிற்பதும் அன்றாடக் காட்சி. இத்தகைய தெருவில் பழைய வண்டியொன்றை நாள்தோறும் ஓட்ட விரும்புவோர், இன்ஜினைப் புதுப்பிக்கும்போது எடுக்கும் முக்கியமான முடிவு கேம்ஷாஃப்ட் பற்றியது. சேமிப்பையோ கடனையோ செலவிடுமுன் அதைப் புரிந்துகொள்வது நலம்.

எடுத்துக்காட்டாக, பழைய செவர்லே சரக்குந்தைக் கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் பம்பாயின் சேவ்ரியில் வண்டிகளைப் பூட்டி விற்றது. 1940களின் செவர்லே வண்டிகளில் இருந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 216 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.5 லிட்டர் கொள்ளளவு உடையது. 90 குதிரைத்திறன் தந்தது.

கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, உள்வால்வும் வெளிவால்வும் எவ்வளவு நேரம் சேர்ந்து திறந்திருக்கின்றன என்னும் மூன்றையும் அதன் மேடுகளே தீர்மானிக்கின்றன.

பந்தய வண்டிக்கான கேம்ஷாஃப்ட் வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும். உயர்வேகத்தில் அது பயன் தரும். குறைவேகத்திலோ, உள்வால்வு தாமதமாக மூடுவதால் உள்ளிழுத்த கலவையின் ஒரு பகுதி திரும்பி வெளியேறும், அழுத்தம் குறையும், இழுவை தளரும், நின்ற நிலையில் இன்ஜின் தடுமாறும். இந்தச் செவர்லே இன்ஜினின் அழுத்த விகிதமே ஏறக்குறைய 6.5 தான், அதில் மேலும் இழக்க இடமில்லை. அன்றியும், அதன் கனெக்டிங் ராடுகளில் உருக்கி ஊற்றிய பாபிட் உலோகத் தாங்கிகள் உள்ளன. அவற்றுக்கு எண்ணெய் பெரும்பாலும் தெறித்தே கிட்டுகிறது. அவை நீடித்த உயர்வேகத்தைத் தாங்குவதற்காக அமைந்தவை அல்ல. பந்தய கேம்ஷாஃப்ட் தரும் கூடுதல் திறனை எட்டும் வேகத்தில் இந்த இன்ஜினை ஓட்டவே கூடாது என்னும்போது, அதற்குப் பணம் தருவதில் பொருளில்லை.

கொச்சியிலிருந்து மூணாறு வழியாகப் போடிநாயக்கனூர் செல்லும் மலைச்சாலைக்கும் இதுவே விடை. ஏற்றத்தில் வேண்டுவது குறைவேக இழுவை. ஆகவே தொழிற்சாலை அளவிலேயே அமைந்த கேம்ஷாஃப்டோ, அதனினும் சிறிதே மாறுபட்டதோ போதுமானது.

கேம்ஷாஃப்டின் விலையோடு செலவு முடிவதில்லை. தட்டையான அடியுடைய டேப்பட்டுகள் தத்தம் மேட்டோடு பொருந்தித் தேய்ந்தவை. புதிய கேம்ஷாஃப்டில் பழையவற்றை மீண்டும் பொருத்தினால் இரண்டும் விரைவில் கெடும். டேப்பட்டுகள், வால்வு ஸ்பிரிங்குகள், டைமிங் பற்சக்கரம், கேஸ்கட்டுகள், கூலி அனைத்தையும் சேர்த்துப் பட்டறையில் எழுத்துமூலம் மதிப்பீடு பெறுக. முதன்முறை இயக்கியதும் இன்ஜினை வெறுமனே குறைவேகத்தில் விடாது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்றில் இருபது நிமிடம் ஓட விடுவதும், துத்தநாகச் சேர்மம் கலந்த எண்ணெய் இடுவதும் புதிய மேடுகளைக் காக்கும்.

சட்டத்தையும் கருதவேண்டும். 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டு கடந்த தனிப்பயன் வண்டிகளுக்கு ‘விண்டேஜ்’ பதிவை அளிக்கின்றன. அப்பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுத்துச் செல்லலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வணிகத்துக்கும் இடமில்லை. நாள்தோறும் ஓடும் வண்டிக்கு வழக்கமான பதிவு தொடர்ந்து செல்லத்தக்கதாக இருக்கவேண்டும். இன்ஜினையே மாற்றுவதாயின் பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை. மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்னரே தெரிவிப்பது, பின்னாளில் இழப்பீடு மறுக்கப்படும் இடரைக் குறைக்கும்.

பட்டறைக்குச் செல்லுமுன் மூன்று செய்திகளைத் தாளில் எழுதிக்கொள்வோம்: வண்டி ஏற்றும் எடை, செல்லும் சாலை, பெரும்பாலும் ஓடும் வேகம். இம்மூன்றையும் கேட்காமலே கேம்ஷாஃப்டைப் பரிந்துரைக்கும் பட்டறையில் முன்பணம் தராதிருப்பதே நன்று.