கச்சானுக்குக் காத்திருக்கும் கூரைகள்

வவுணதீவில் வெள்ளம் வடிந்ததும் நிலத்தைக் கழுவுகிறோம், சுவரைத் தேய்க்கிறோம். சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்ப்பவர் குறைவு. ஈரம் அதிக நாள் தங்குவது அங்கேதான்.

வவுணதீவு அடங்கிய படுவான்கரைக்கு மழை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் வயலும் வீதியும் ஒன்றாகிவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பு மறக்காது. அந்த மாதங்களில் காற்றே ஈரமாக இருப்பதால், வெயில் எறித்தாலும் மரம் லேசில் காயாது. காயவைக்கும் காற்று கச்சான்தான். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு வரும் காற்று அது. ஆனால் தை மாதம் நனைந்த கைமரம் அதைக் காண நான்கைந்து மாதம் செல்லும். பூஞ்சணம் பிடிக்க இரண்டு நாள் போதும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் உளுக்கும், கறையானும் ஏறும்.

ஓடு ஒழுகினால்தான் கூரை நனையும் என்றில்லை. முழங்காலளவு வெள்ளத்தைக் குடித்த சுவர் பகலில் நீராவியை விடும். அது மேலேறி, இரவில் குளிர்ந்த தகரத்திலோ அஸ்பெஸ்டஸ் சீற்றிலோ பட்டுத் துளியாகச் சொட்டும்.

பழைய களிமண் வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. கிடுகுக்கூரை, சீலிங் கிடையாது, சுவருக்கும் இறப்புக்கும் நடுவே இடைவெளி, போதாததற்கு அடுப்புப் புகை. ஆனால் 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைப் பிய்த்தெறிந்ததைக் கண்ட சனம் கல்வீட்டுக்கு ஆசைப்பட்டது முழு நியாயம். போருக்குப் பின் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்து, மாவட்டத்தில் பல கல்வீடுகள் எழுந்தன. கல்வீட்டில் குறையில்லை. சீலிங் அடித்து, இடைவெளிகளைச் சீமெந்தால் பூசி, காற்றின் வழியை அடைத்துவிடுகிறோமே, அதுதான் குறை.

முகட்டுக்குக் கீழே இரு பக்கச் சுவரிலும் பூக்கல் வையுங்கள். இறப்போரமும் காற்று நுழைய இடம் விடுங்கள். வௌவாலுக்கும் எலிக்கும் கம்பிவலை போதும். வெள்ளத்துக்குப் பின் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். நனைந்து தொங்கும் சீலிங் பலகையைக் கழற்றி, மழை விட்ட மத்தியான வேளையில் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். இரவில் திறந்தால் ஈரக்காற்றுத்தான் உள்ளே வரும். அஸ்பெஸ்டஸைக் காய்ந்த நிலையில் உடைக்கவோ சுரண்டவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

வீட்டு வரைபடத்தை ஏற்கும்போது கூரைக்குக் காற்று வழி உண்டா என்று பிரதேச சபை கேட்க வேண்டும். அதுவரை பொறுக்காமல், கச்சான் வீசும்போதே மேசனைக் கூப்பிட்டு அந்த வேலையை முடித்துவிடுங்கள்.